ஸ்கீ தெரியும் என்று சொல்லிவிடாதீர்கள்

இரண்டு காலிலும் தனித்தனிப் பட்டை மாட்டிப் பனியில் சறுக்கும் ஸ்கீயில் ஓரளவு பழகியவர்கள், இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிச் சறுக்கும் ஸ்னோபோர்டுக்கு மாறும்போது ஒரு விசித்திரமான சிக்கல் வருகிறது. முதன்முதலாகப் பனியில் கால் வைக்கிறவனுக்குச் சரிவைப் பார்த்தாலே பயம். நமக்கு அந்தப் பயம் போய் வருடங்கள் ஆகிவிட்டன. மேலே நின்று பார்த்தால் "தெரிந்த இடம்தானே" என்று மனசு சொல்கிறது. காலில் மாட்டியிருக்கும் பலகையோ வேறு சாமான். ஒரு மணிக்கட்டும், ஒரு முழுக் குளிர்காலமும், 1,500 டாலருக்கு மேல் பணமும் எனக்குப் போனது இந்த இடைவெளியில்தான். நண்பர்கள் எல்லோரும் ஸ்கீக்காரர்கள், போர்டு பற்றிக் கேட்க ஆளில்லை. வீடியோக்களில் வருகிறவர்களோ இருபது வயதுப் பையன்கள். விழுந்தால் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுகிறார்கள். நாற்பதைத் தாண்டிய, விசைப்பலகையைத் தட்டிப் பிழைக்கிற ஒருவனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் கோயமுத்தூர்க்காரன். டொராண்டோவுக்கு வந்தபின், இத்தனை மாதக் குளிரையும் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று ஸ்கீ கற்றுக்கொண்டேன். பச்சை வட்டம் போட்ட எளிய சரிவுகளில் தொடங்கி, நீலச் சதுரச் சரிவுகளில் நிம்மதியாக இறங்கும் அளவுக்கு வந்திருந்தேன். நல்ல பனி விழுந்திருந்தால் கடினமான கறுப்பு வைரச் சரிவையும் எட்டிப் பார்ப்பதுண்டு. மாற நினைத்ததற்குப் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஸ்கீ பூட்ஸ் கெண்டைக்காலை நெரித்தது. அதைப் போட்டுக்கொண்டு கார் நிறுத்துமிடத்தைக் கடப்பதே தண்டனை. போதாததற்கு வலது முழங்காலில் அவ்வப்போது வலி. ஸ்கீயில் முழங்கால் திருகிக்கொள்வதுதான் பெரிய அபாயம், போர்டில் அது குறைவு என்று மருத்துவம் படித்த நண்பர் ஒருவர் சொன்னார். சொன்னது உண்மைதான். முழங்காலுக்குப் பதிலாகப் போர்டு மணிக்கட்டைக் கேட்கும் என்பதை அவர் சொல்லவில்லை. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஏங்கண்ணு, பனியில போயி உளுகறதுக்குக் காசு வேற குடுக்கறயா?" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

முதலில் எங்கள் ஊர்ப் பனியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. தெற்கு ஒன்டாரியோவில் மலை கிடையாது, குன்றுகள்தான். காலிங்வுட் பக்கத்தில் இருக்கும் ப்ளூ மவுண்டனே உச்சியிலிருந்து அடிவாரம் வரை 219 மீட்டர்தான். மேற்கே விஸ்லரில் அது 1,500 மீட்டருக்கு மேல். எங்கள் குன்றுகளில் இயற்கைப் பனி போதாமல் இயந்திரத்தால் பொழியும் பனியைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறார்கள். ஜனவரியில் திடீரென்று ஒருநாள் வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே போய் மழை பெய்யும். மறுநாள் மைனஸ் பதினைந்துக்கு இறங்கும். அப்போது சரிவு முழுக்க கான்கிரீட் மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்கீயில் இரண்டு கால்களிலும் எஃகு விளிம்பு, கையில் இரண்டு கோல்கள், எப்படியோ சமாளித்துவிடலாம். போர்டு கற்றுக்கொள்கிறவனுக்கு அந்த நாள் வீட்டில் இருக்க வேண்டிய நாள். வகுப்புக்குப் பணம் கட்டியிருந்தாலும் தேதியை மாற்ற முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் மாற்றித் தருகிறார்கள். எனக்கு அது தெரியாது. முந்தின நாள் மழை, அன்று உறைபனி, நான் காலை எட்டரை மணிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

டொராண்டோவிலிருந்து காரில் போய் வரக்கூடிய ஒரு சறுக்கு மையம். பெயர் வேண்டாம். பதிவு செய்யும் மேசையில் ஒரு படிவம், அதில் "பனியில் முன் அனுபவம் உண்டா" என்று ஒரு கேள்வி. ஸ்கீ, நீலச் சரிவு வரை என்று எழுதினேன். மேசையில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, முதல் நிலை வகுப்பு உங்களுக்குப் போரடிக்கும் என்று இரண்டாம் நிலையில் போட்டுவிட்டார். கேட்கப் பெருமையாகக்கூட இருந்தது. அதன் விலை அப்புறம்தான் தெரிந்தது. முதல் நிலைக்காரர்களுக்கு வகுப்பு, வாடகைச் சாமான், பயிற்சிப் பகுதியில் மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் எல்லாம் சேர்த்து ஒரே சலுகைக் கட்டணம். இரண்டாம் நிலைக்கு முழு லிஃப்ட் டிக்கெட் தனி, வாடகை தனி, வகுப்பு தனி, எல்லாவற்றுக்கும் மேலே 13 சதவீத வரி. 230 டாலர் போனது. பணத்தைவிடப் பெரிய நஷ்டம், வகுப்பில் இருந்த மற்றவர்கள் போர்டைக் குறுக்காக வைத்துக்கொண்டு இரண்டு விளிம்பிலும் இறங்கத் தெரிந்தவர்கள். எனக்கு அதை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கவே தெரியாது. சொல்லிக்கொடுத்த பையனுக்குக் கல்லூரி வயது இருக்கும், பாவம், ஏழெட்டுப் பேரில் எனக்காக எவ்வளவு நேரம் நிற்பான்? ஆகவே, உங்களுக்கு எவ்வளவு ஸ்கீ தெரிந்தாலும் அந்தக் கேள்விக்கு "போர்டில் இதுவரை நின்றதே இல்லை" என்று மட்டும் பதில் சொல்லுங்கள். அவர்களே மேலே ஏற்றப் பார்த்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதல் நிலையில் நமக்குப் போரடிக்கும் என்றால் மதியத்துக்குள் அவர்களே நகர்த்திவிடுவார்கள்.

வாடகைக் கடையில் இன்னொரு கூத்து. இடது கால் முன்னால் நிற்பதை ரெகுலர் என்கிறார்கள், வலது கால் முன்னால் என்றால் கூஃபி. எழுதுகிற கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடைக்காரர் நான் வலது கையால் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டு ரெகுலர் என்று திருகாணியை முடுக்கிக் கொடுத்துவிட்டார். அன்று முழுக்க முன்கால் எனக்குச் சொந்தமில்லாத கால் மாதிரியே இருந்தது. வழவழப்பான தரையில் காலுறையோடு ஓடிவந்து சறுக்கிப் பாருங்கள், எந்தக் கால் தானாக முன்னால் போகிறதோ பெரும்பாலும் அதுதான் உங்கள் முன்கால். வீட்டிலேயே பார்த்துவிடலாம், காசு செலவில்லை. சந்தேகம் இருந்தால் இரண்டு விதமாகவும் நின்று பார்த்து முடிவு செய்யுங்கள். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கைத் திருப்பி மாட்டக் கடையில் சில நிமிடம்கூட ஆகாது, கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். இரண்டு பாதமும் கொஞ்சம் வெளிப்பக்கம் பார்த்த மாதிரி, முன்னால் பிளஸ் 15, பின்னால் மைனஸ் 15 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்துத் தரச் சொன்னால், கற்றுக்கொள்கிற காலத்தில் நிற்பது இயல்பாக இருக்கும்.

லிஃப்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பியில் தொங்கும் இருக்கையில் மேலே கொண்டுபோகும் சேர்லிஃப்ட் ஸ்கீக்காரனுக்குப் பேருந்து ஏறுகிற மாதிரி ஆகிவிட்ட விஷயம். போர்டில் பின்காலைக் கழற்றிவிட்டு, முன்கால் மட்டும் குறுக்காக மாட்டியபடி, தள்ளித் தள்ளி வரிசையில் போக வேண்டும். முன் முழங்கால் திருகிக்கொண்டே இருக்கும். என் முழங்காலுக்கு நல்லது என்று நினைத்து வந்த விளையாட்டில் முதலில் வலித்ததே அதுதான். மேலே இறங்கும்போது இன்னும் மோசம். போர்டை நேராக முன்னால் பார்க்க வைத்து, எழுந்தவுடன் பின்காலை இரண்டு பைண்டிங்குக்கும் நடுவில் வைத்து, தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு அப்படியே வழுக்கிப் போய்விட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஸ்கீ பழகிய உடம்பு உடனே திரும்பிப் பிரேக் போடப் பார்க்கும், ஒற்றைக்கால் பலகையில் அது நடக்காது. பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், அவரும் சேர்ந்து விழுவார். நான் ஒரு பெரியவரை இழுத்துப் போட்டேன், நல்ல மனுஷர், என் தொப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஏறும்போதே இயக்குபவரிடம் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால் வேகத்தைக் குறைத்து ஏற்றிவிடுவார்கள். ஓர இருக்கையைப் பிடியுங்கள். அதற்கும் முன்னால், சமதளத்தில் ஒற்றைக்காலோடு தள்ளிப் போவதை அரை மணி நேரமாவது பழகிவிட்டு, நின்றபடியே மேலே கொண்டுபோகும் நகரும் பட்டையான மேஜிக் கார்ப்பெட்டிலேயே முதல் நாளைக் கழித்துவிடுவது உத்தமம்.

மதியம் வகுப்பு முடிந்தது. பலகையின் குதிகால் பக்கத்து விளிம்பில் குறுக்காக வழுக்கி இறங்குவது ஒரு மாதிரி வந்துவிட்டது. இலை காற்றில் அசைந்து விழுவதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் போய் இறங்குகிற முறை, அதற்கே இலை என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். கையில் முழு லிஃப்ட் டிக்கெட் இருந்தது, காசு கொடுத்தாயிற்று, ஸ்கீயில் நூறு முறை இறங்கிய பச்சைச் சரிவு. தனியாக ஏறினேன். சரிவான பகுதியெல்லாம் பத்திரமாக இறங்கிவிட்டேன். விழுந்தது கீழே, லிஃப்டுக்குப் போகும் கிட்டத்தட்ட தட்டையான இடத்தில், நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம் இருக்கும். எதில் தட்டியது என்றே தெரியவில்லை. எலிப்பொறி விழுகிற வேகத்தில் முகம் பனிக்குப் போனது, இடது கை முன்னால் நீண்டிருந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்குப் பல வாரங்கள் பிடித்தது, இதை ஒரு தடவை கவனமாகப் படித்துவிடுங்கள். போர்டு சரிவுக்குக் குறுக்காகப் போகும்போது மேட்டுப் பக்கத்து விளிம்பு மட்டும்தான் பனியில் பதிய வேண்டும். பள்ளத்துப் பக்கத்து விளிம்பு ஒரு நூல் தாழ்ந்து பனியைத் தொட்டாலும் போர்டு அங்கேயே நின்றுவிடும், உடம்பு நிற்காது. எட்ஜ் மாட்டிக்கொண்டது என்பார்கள். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு குதிகால் விளிம்பில் இறங்கும்போது விரல் பக்கம் மாட்டினால் முன்னால் விழுவோம், மணிக்கட்டும் முழங்காலும் வாங்கும். மேட்டைப் பார்த்துக்கொண்டு விரல் விளிம்பில் இறங்கும்போது குதிகால் பக்கம் மாட்டினால் மல்லாக்க விழுவோம், வால் எலும்பும் பின்மண்டையும் வாங்கும். ஸ்கீயில் ஒரு கால் மாட்டினால் இன்னொரு கால் காப்பாற்றும், பெரிய விசை வந்தால் பைண்டிங் கழன்றுவிடும். போர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில், பைண்டிங் கழலவே கழலாது. சரிவில் விளிம்பைச் சாய்த்தே ஆக வேண்டியிருப்பதால் ஆபத்து குறைவு. தட்டையான இடத்தில்தான் பலகை படுத்துக்கொள்கிறது, எந்த விளிம்பு வேண்டுமானாலும் மாட்டும். ஸ்கீக்காரன் மூச்சு விட்டு, உடம்பைத் தளர்த்தி, பேச்சுக் கொடுத்துக்கொண்டு வரும் இடம் சரியாக அதுதான். போர்டில் அங்கேதான் முழங்காலை மடக்கி, ஏதாவது ஒரு விளிம்பை லேசாகச் சாய்த்து வைத்துக்கொண்டே வர வேண்டும்.

கையைப் பற்றி ஒன்று. ஸ்கீயில் கையில் எப்போதும் கோல் இருக்கும், அதனால் விழும்போது உள்ளங்கையை விரித்து ஊன்றுகிற பழக்கம் நமக்கு வருவதில்லை. போர்டில் கை காலி. காலியான கை முதலில் போய் ஊன்றும், அதை யோசனையால் தடுக்க முடியாது, பழக்கத்தால்தான் தடுக்க முடியும். முன்னால் விழும்போது விரல்களை மடக்கிக்கொண்டு முன்னங்கை முழுவதும் படும்படி விழ வேண்டும். பின்னால் விழும்போது முகவாயை மார்போடு ஒட்டி, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, உட்கார்ந்து உருள வேண்டும். முதல் நாள் காலையில், நின்ற இடத்திலிருந்தே வேண்டுமென்றே நாலைந்து முறை விழுந்து பாருங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பனி ரோந்துக்காரர்கள் வந்து, கைக்குக் கட்டுப் போட்டு, சறுக்கு வண்டியில் கீழே கொண்டுவந்தார்கள். கனடாவில் இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், பணம் ஒன்றும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் வேண்டுமா என்றார்கள். ஒன்டாரியோ மருத்துவக் காப்பீடு இருப்பவருக்கு, தேவை என்று மருத்துவர் ஒப்புக்கொண்டால், 45 டாலர்தான். நானோ தனியாக வந்திருந்தேன், கார் என்ன ஆவது என்ற கவலையில் வேண்டாம் என்றுவிட்டு இரண்டு மணி நேரம் கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன். நண்பர் ஒருவர் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார், ஒருவர் என்னை ஓட்டிப்போக, மற்றவர் என் காரை. கற்றுக்கொள்ளும் நாட்களில் தனியாகப் போகாதீர்கள். போனாலும், காரை ஓட்டி வர யார் வருவார் என்பதை முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று எனக்கு வலியைவிட அதுதான் பெரிய கவலையாக இருந்தது, இப்போது நினைத்தால் வேடிக்கை.

மருத்துவமனையில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. "சரி, சுளுக்குதான்" என்று நான் எழுந்துவிட்டேன். ஆனால் அந்த மருத்துவர் கட்டைவிரலை விரித்து நீட்டினால் அதன் அடியில் தெரியும் சின்னப் பள்ளத்தில் அழுத்தினார், கத்திவிட்டேன். அங்கே ஸ்கேஃபாய்ட் என்று ஒரு குட்டி எலும்பு இருக்கிறது, அதன் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம், அதற்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே போய்விடும் என்றார். கட்டைவிரலோடு சேர்த்துக் கட்டுப் போட்டு, இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொன்னார். வந்தபோது மெல்லிய கோடு தெரிந்தது. அவர் அழுத்திப் பார்த்திருக்காவிட்டால் நான் அடுத்த வாரமே போர்டோடு நின்றிருப்பேன். விழுந்தபின் அந்தப் பள்ளத்தில் வலி இருந்தால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் மறு எக்ஸ்ரே கேளுங்கள்.

இரண்டு மாதத்துக்கு மேல் கட்டு. கணினிக்காரனுக்கு ஒரு கை இல்லையென்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு மின்னஞ்சல் எழுத முன்பு ஆன நேரம் போல் மூன்று மடங்கு. கார் ஓட்டக் கூடாது, ரயிலும் பஸ்ஸும்தான். சட்டைப் பட்டன் போட்டுவிட மனைவி வேண்டும், அவள் அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் போட்டுவிட்டுக்கொண்டே, "ஸ்கீ நல்லாத்தானே போயிட்டிருந்துது?" என்று கேட்பாள். பதில் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். கட்டுக்கும் எக்ஸ்ரேக்கும் அரசுக் காப்பீடு இருந்தது. அதற்குப் பின் போட்டுக்கொண்ட மணிக்கட்டுத் தாங்கி என் கைக்காசு. பிசியோதெரபி ஒரு தடவைக்கு 95 டாலர். என் வயதுக்காரர்களுக்குச் சாதாரணமாக ஒன்டாரியோ காப்பீடு அதைக் கொடுப்பதில்லை, கம்பெனிக் காப்பீட்டின் வரம்பு பாதியிலேயே தீர்ந்துவிட்டது. எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டியது சீசன் பாஸ். டிசம்பரில்தான் முழுப் பணம் கட்டியிருந்தேன், காயத்துக்குப் பணம் திரும்பாது என்று விதியில் பொடி எழுத்தில் இருந்தது. வாங்கும்போதே சில டாலர் கூடக் கொடுத்தால் காயத்துக்கான காப்பீடு சேர்க்கலாம் என்று ஒரு பெட்டி இருந்ததாம். விளையாட்டு மாறப் போகிற வருடத்தில் அந்தப் பெட்டியைக் கண்டிப்பாக டிக் செய்யுங்கள். சொல்லப்போனால், கற்றுக்கொள்கிற வருடம் சீசன் பாஸே வேண்டாம்.

அடுத்த குளிர்காலம் மறுபடி போனேன். ஏன் என்று கேட்டால், விட்டுவிட்டால் அந்த 1,500 டாலருக்குக் கணக்கே இல்லாமல் போய்விடும் என்பதுதான் உண்மையான காரணம். இந்த முறை மாநகராட்சியே நடத்தும் குன்றுக்குப் போனேன். டொராண்டோவில் ஏர்ல் பேல்ஸ் பூங்காவில் அப்படி ஒன்று இருக்கிறது. ஸ்கீக்காரர்கள் இதை மதிப்பதில்லை, ஏறி இறங்கினால் முடிந்துபோகும் என்பார்கள். போர்டு கற்றுக்கொள்ள அதுவே போதும், அதைவிட நல்ல இடமும் கிடையாது. கனடிய ஸ்னோபோர்டு பயிற்றுநர் சங்கச் சான்றிதழ் உள்ள ஒருவரிடம் தனி வகுப்பு எடுத்தேன், ஒரே ஒரு மணி நேரம். கும்பலில் கழித்த அந்தப் பாதி நாளைவிட அதில் கிடைத்தது அதிகம். கையுறைக்குள் மணிக்கட்டுக் காப்பு, பேன்ட்டுக்குள் இடுப்புக்கும் வால் எலும்புக்கும் மெத்தை வைத்த அரைக்கால் சட்டை, முழங்கால் உறை, ஹெல்மெட். இரண்டும் சேர்த்து, அதாவது காப்பும் மெத்தையும், நூறு டாலருக்குள் முடிந்தது. பல வாடகைக் கடைகளில் ஹெல்மெட் கிடைக்கும், மணிக்கட்டுக் காப்பு கிடைக்காது. அதோடு ஸ்கீ பேன்ட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்கீயில் நாம் உட்காருவதே இல்லை. போர்டில் பாதி நேரம் பனியில்தான் உட்கார்ந்திருப்போம், தண்ணீர் உள்ளே இறங்கினால் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

எழுந்து நிற்பதற்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது, எனக்கு முதல் வருடம் யாரும் சொல்லவில்லை. உட்கார்ந்த நிலையிலிருந்து குதிகாலை ஊன்றி எழுவது தொப்பை உள்ளவனுக்குப் பெரும் பாடு. குப்புறப் புரண்டு முழங்காலில் நின்று, மேட்டைப் பார்த்தபடி விரல் விளிம்பை ஊன்றி எழுந்தால் சுலபம். பயிற்றுநர் முதல் பத்து நிமிடத்தில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் விரல் விளிம்பிலும் அதே இலை முறையில் இறங்கச் சொன்னார். குதிகால் பக்கத்தில் வழி தெரிவதால் எல்லோரும் அதிலேயே தங்கிவிடுகிறார்கள், நாள் கணக்கில் அப்படியே இறங்குகிறவர்களைப் பார்க்கலாம். முதல் நாளே இரண்டு பக்கமும் பழகவில்லையென்றால் விரல் பக்கம் பூதமாக வளர்ந்துவிடும்.

விட்டொழிக்க வேண்டிய ஸ்கீ பழக்கங்கள் இரண்டு மூன்று உண்டு. ஸ்கீயில் கால் எங்கே திரும்பினாலும் மார்பு பள்ளத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். போர்டில் தோள் இரண்டும் பலகையோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். நான் மார்பைத் திருப்பும்போதெல்லாம் குதிகால் பக்கத்துத் திருப்பத்தில் பின்பகுதி வழுக்கிப் போய்க் குந்தி உட்கார்ந்துவிடுவேன். இது போகத்தான் அதிக நாள் ஆனது, முன் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு போவது என்று மனசில் வைத்தால் கொஞ்சம் சரியாகிறது. அடுத்தது, இரண்டு கால்களுக்கும் எடையை மாற்றி மாற்றிக் கொடுக்கும் பழக்கம். போர்டில் திருப்பத்தைத் தொடங்குவது முன்கால்தான், அந்த முழங்காலை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் பலகை போகும். பயத்தில் பின்காலில் சாய்ந்தால் பலகையின் முன்மூக்கு லேசாகித் திரும்பவே திரும்பாது, வேகம் மட்டும் கூடும். கடைசியாக ஆப்புப் போல் காலை விரித்து நிறுத்துவது. எனக்கு ஆபத்து வரும்போதெல்லாம் குதிகாலை வெளியே தள்ளத்தான் உடம்பு துடித்தது. பலகையைக் குறுக்காக்கி நிறுத்துவது மட்டும்தான் பிரேக் என்று உடம்புக்குப் புரியும்வரை வேகம் எடுக்கக் கூடாது.

ஸ்கீ தெரிந்தது வீண் என்று சொல்லவில்லை. இடமும் வலமும் இணைத்துத் திரும்பத் தெரிந்துவிட்டால் அதன்பின் நாம் மற்றவர்களைவிட வேகமாக முன்னேறுகிறோம். இரண்டு விளிம்புக்கும் நடுவே ஒரு கணம் பலகை நேராகப் பள்ளத்தைப் பார்க்கும், புதியவர்கள் அங்கேதான் உறைந்துபோகிறார்கள், நமக்கு அது பழகிய விஷயம். பனியின் நிறத்தைப் பார்த்து எங்கே வழுக்கும் என்று கணிப்பது, எத்தனை அடுக்கு உடை போடுவது, கீழே இருப்பவருக்குத்தான் வழி விட வேண்டும் என்ற விதி, எல்லாம் கூடவே வருகிறது. கற்றுக்கொள்ள நான் இப்போது சிபாரிசு செய்வது மார்ச் மாதப் பிற்பகல். வெயிலில் பனி இளகியிருக்கும், கூட்டமும் குறைவு, விழுந்தால் வலிக்காது. இரவு விளக்கு வெளிச்சத்தில் சறுக்குவது டிக்கெட் விலைக்கு மலிவுதான், ஆனால் நாளெல்லாம் சுரண்டப்பட்ட சரிவு அப்போது கண்ணாடியாகிவிடும்.

ஸ்கீ நண்பர்களோடு போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். மேலே இறங்கியவுடன் அவர்கள் கிளம்பிவிடுவார்கள், நாம் உட்கார்ந்து பின்காலை மாட்ட வேண்டும். காத்திருக்கச் சொல்லாதீர்கள், கீழே சந்திக்கலாம் என்று அனுப்பிவிடுங்கள், அவசரத்தில் மாட்டிய பட்டை சரியாக மாட்டாது. உட்காருவதும் சரிவின் ஓரமாகத்தான், மேட்டு முகட்டுக்குக் கீழே மறைவாக ஒருபோதும் வேண்டாம். இன்னொன்று, ஒரு பக்கமாக நின்று போவதால் முதுகுப் பக்கம் நமக்குத் தெரியாது, குதிகால் பக்கம் திரும்பும் முன் தலையைத் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும். எல்லை தாண்டி அமெரிக்காவுக்குத் திட்டம் போடுகிறவர்கள், வெர்மான்டில் மேட் ரிவர் க்ளென், யூட்டாவில் ஆல்டா, டியர் வேலி ஆகிய மூன்று இடங்களிலும் ஸ்னோபோர்டுக்கு இன்னும் அனுமதி இல்லை என்பதை விடுதி போடும் முன் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1965-இல் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் பெண்களுக்காக இரண்டு ஸ்கீயைச் சேர்த்துக் கட்டியதில் தொடங்கிய விளையாட்டு இது, 1998 நாகானோவிலேயே ஒலிம்பிக்கில் சேர்ந்துவிட்டது, இன்னும் சில குன்றுகளுக்குக் கோபம் தீரவில்லை.

சாமான் வாங்குவது பற்றிக் கடைசியாக. முதலில் பூட்ஸ் மட்டும் வாங்குங்கள், போர்டை வாடகைக்கே எடுங்கள். ஸ்கீ பூட்ஸ் அளவை நம்பாமல் ஒரே ஒரு மெல்லிய காலுறையோடு கடையில் போட்டுப் பாருங்கள். நேராக நின்றால் விரல் நுனி லேசாக முன்னால் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் பின்னால் நகர வேண்டும், குதிகால் மட்டும் மேலே எழும்பவே கூடாது. வாடகைப் போர்டில் உங்கள் எடையைச் சரியாகச் சொல்லுங்கள், நீளத்தை உயரத்தைவிட அதுதான் தீர்மானிக்கிறது. பெரிய பாதம் என்றால் அகலமானது கேளுங்கள், இல்லாவிட்டால் விரல் பனியில் உரசும். வளைந்துகொடுக்கும், மூக்கும் வாலும் சற்று மேலே தூக்கிய போர்டு கற்றுக்கொள்கிறவனை அதிகம் தண்டிக்காது. பழைய போர்டு வாங்குவதாக இருந்தால் மார்ச், ஏப்ரலில் பாருங்கள், விளிம்பில் எங்காவது எஃகு பிய்ந்திருக்கிறதா, பைண்டிங் திருகாணித் துளைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஹெல்மெட்டை மட்டும் பழையதாக வாங்க வேண்டாம், அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது. மணிக்கட்டுக் காப்பை நவம்பரிலேயே வாங்கிவிடுங்கள், ஜனவரியில் தேடியபோது என் அளவு எந்தக் கடையிலும் இல்லை.